ஏட்டை மீனின் வாய்

மலையாள மாதக் கணக்கில் மிதுனத்தின் கடைசி ஞாயிறா, கர்க்கடகத்தின் முதல் ஞாயிறா என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் இன்னும் தகராறு உண்டு. மழை இருந்தது, பெரிய படகுகளுக்குத் தடைக்காலம், பொழியூர்க் கடற்கரையிலிருந்து ஸ்கூட்டரில் விற்க வந்ததெல்லாம் கரையோரம் பிடித்த மீன். இவ்வளவும் உறுதி.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட தங்கை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அம்மாவும் அங்கேயே. பிழைப்பாள் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. எங்கள் வீடிருந்த கொல்லயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைந்த அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது அவரைச் சாப்பிட வைப்பதென்று அமரவிளையிலிருந்து அவருடைய அக்கா, எங்கள் மாமி, வந்து அடுக்களையைப் பிடித்துக்கொண்டாள். வாங்கியது அப்பாவுக்குப் பிடித்த ஏட்டை, கடல் கெளுத்தி.

முதலில் விஷமுள்ளுகளை ஒடித்தாள். வயிற்றைக் கீறினாள், இரை ஒன்றுமில்லை. தலையைப் பிளந்ததும் வாயிலிருந்து கோலிக்குண்டு பருமனில் முட்டைகள் உருண்டன. ஒவ்வொன்றுக்குள்ளும் கறுப்பாக இரண்டு கண்கள். பின்னால் நகர்ந்த நான் கதவில் இடித்துக்கொண்டேன்.

"பாத்தியா மக்கா, பெத்த பிள்ளையளயே தின்னிருக்கு. சண்டாளி."

கடற்கரையில் அந்த முட்டையையும் குழம்பு வைப்பார்கள். மாமி வாழைமூட்டில் கொட்டினாள். அது சண்டாளி அல்ல, ஆண் என்பதைப் பல வருஷம் கழித்து ஒரு மீன்நூலில் படித்தேன். பெண் இடும் முட்டைகளை ஆண் ஏட்டை வாயில் ஏந்திக்கொள்ளும். குஞ்சுகள் பொரித்துத் தாமே நீந்தும்வரை வாரக்கணக்கில் இரை எடுக்காது.

மத்தியானம் மாமி அப்பாவைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"எலே, ரெண்டு வாய் தின்னுட்டுப் போ. நீயும் விழுந்தா பிள்ளைய ஆரு பாக்கது?"

அப்பா தின்றார். மாமியின் முகம் தெளிந்தது. அப்பா என் தட்டில் மீன் இல்லாததைப் பார்த்து, "ஏன் மக்கா, மீன் வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த உருண்டையை வாயில் வைத்தார்.

"இது பிள்ளைய தின்ன மீனாக்கும் அப்பா."

மாமியின் கையில் அகப்பை அப்படியே நின்றது. அப்பா விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. கன்னம் உப்பியபடி, கண்ணில் நீர் முட்ட, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை பிழைத்துக்கொண்டாள் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அன்று அது எங்களில் எவருக்கும் தெரியாது.

அப்பாவின் தொண்டையில் முள் சிக்கிவிட்டதென்று நினைத்தேன். முள்ளுக்கு வெறுஞ்சோறுதான் எங்கள் வீட்டு வைத்தியம். என் தட்டிலிருந்து ஓர் உருண்டை பிடித்து அவர் உதட்டருகே கொண்டுபோனேன்.

அப்பா வாயைத் திறக்கவில்லை.