சார் பின்னால் நிற்கக் கூடாது

பத்தாம் வகுப்பில் எனக்குத் திங்கட்கிழமைதோறும் வயிறு வலித்தது. அன்றுதான் கணக்கு ஸ்லிப் டெஸ்ட். நைனா பவர்லூமை நிறுத்திவிட்டு என்னைத் திருப்பதிக்கு அழைத்துப்போய் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் ஊர் நகரிக்குத் திரும்பும் பஸ்ஸில் நைனா, "ஒண்ணுமே இல்லன்றாரு. அப்பறம் எதுக்கும்மா சுருண்டுகினு கெடக்குற?" என்று கேட்டார்.

தங்கை அதே பள்ளியில் ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டுக்குள்ளேயே தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு நடுவே நான் கணக்குகளை மளமளவென்று போடுவதைத் தினமும் பார்ப்பாள். ஒருநாள் கேட்டாள்.

"இங்க போட்டுக்கினே கீற. அங்க போனா மட்டும் ஏன் வரமாட்டேங்குது?"

"கணக்கு சார் பின்னால வந்து நிப்பாரு. செருப்புச் சத்தம் நின்னுதுன்னா எனக்குக் கை ஓடாது."



அடுத்த திங்கட்கிழமை மூன்றாவது பீரியடில் வலி தாங்காமல் வகுப்பிலிருந்து வெளியே வந்தேன். ஆசிரியர் அறையில் தங்கையின் குரல் கேட்டது. ஜன்னலருகே போய் நின்றேன். பெரிய பையன்களே ஒதுங்கிப்போகும் கணக்கு சாரின் மேசைமுன் அவள் இரட்டைச் சடையோடு நின்றிருந்தாள். பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசினாள்.

"எங்க அக்காவுக்கு லெக்கலு, கணக்கு எல்லாம் வரும் சார். நீங்க பின்னால நின்னாத்தான் வராது. நிக்காதீங்க சார்."

மற்ற ஆசிரியர்கள் சிரித்துவிட்டார்கள். சார் சிரிக்கவில்லை.

"யாரு அனுப்பினது உன்ன?"

"யாரும் அனுப்பல சார்."

"சரி, க்ளாஸுக்குப் போ."

மதியம் டெஸ்ட்டுக்கான கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டதும் சார் நாற்காலியை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். மைதானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தவர் மணி அடிக்கும்வரை திரும்பவே இல்லை. கொஞ்ச நேரம் செருப்புச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். பிறகு எழுத ஆரம்பித்தேன். ஐந்தில் நான்கு கணக்கு சரி. கடைசி பெஞ்சில் எப்போதும் மூன்று மார்க் வாங்குகிறவர்கள்கூட அன்று இருபத்தைந்துக்குப் பதினைந்து வாங்கினார்கள். சார் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆனாலும் மானத்தை வாங்கிவிட்டாள் என்று தங்கையோடு மூன்று நாள் நான் பேசவில்லை. என் பாயைத் தள்ளிப் போட்டால் அவளும் தன் பாயை அங்கே இழுத்து வந்து போட்டாள். வயிற்றுவலி உடனே போய்விடவில்லை. பொதுத்தேர்வுக்கும் கூடவே வந்தது. இருந்தும் எழுதினேன், தேறினேன்.

இவளுக்குப் பயம் என்பதே கிடையாது என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போது அவள் திருப்பதியில் நர்ஸ். போன மாதம் அந்த நாளைப் பற்றிப் பேச்சு வந்தபோது சிரித்தாள்.

"அவரப் பாத்தாலே எனக்கு ஒண்ணுக்கு வந்துடும்க்கா. காலைலேந்து அந்த ரூமையே சுத்திக்கினு இருந்துட்டுதான் உள்ள போனேன். வெளிய வந்து எங்க க்ளாஸு எந்தப் பக்கம்னே தெரியாம சைக்கிள் ஸ்டாண்டுல உக்காந்துட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே நின்ற எனக்கு அன்று அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது.