பதினாறெட்டு

ஆறு வயதில் நான் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்தேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மயிலாப்பூரில் கால்வாய் ஓரம் எங்கள் குடிசை. அப்பா கை ரிக்‌ஷா இழுத்தார். அண்ணன் மூன்றாம் வகுப்பில் தவறி, இரண்டாம் வருஷமும் அங்கேயே இருந்தான். சாயங்காலம் ஆனால் வாய்ப்பாட்டை உரக்கக் கத்துவான். அவனுக்கு ஏறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட எனக்கு ஏறிவிட்டது. அவன் புத்தகத்தையும் தடுமாறாமல் படித்தேன். பள்ளிக்கூடத்திலோ என்னை மணலில் ‘அ’ எழுதச் சொன்னார்கள். மாதக்கணக்கில் அதே ‘அ’. சலித்துப்போய்த் தூங்கினேன், பக்கத்துப் பெண்ணின் பின்னலை அவிழ்த்துவிட்டேன், தினமும் அடி வாங்கினேன்.

அப்பாவிடம் போய்ச் சொன்னது அண்ணன்தான்.

“அதுக்கு எல்லாம் தெரியுது நைனா. சும்மா குந்திகினு கீது. என் கிளாஸ்ல போடச் சொல்லு.”

அப்பா ரிக்‌ஷாவை வாசலில் நிறுத்திவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு பெரிய வாத்தியார்முன் நின்றார். அவர் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். “சரி, மூணாங்கிளாஸ்ல உட்காந்து பாக்கட்டும்” என்றார்.

மறுநாள் அந்த வகுப்பு வாத்தியார் பதினாறெட்டு எவ்வளவு என்று கேட்டார். வரிசையாக ஐந்து பையன்கள் எழுந்து முழித்தார்கள். ஐந்தாவது அண்ணன். நான் நூற்றிருபத்தெட்டு என்றேன்.

பதில் சொன்ன பிள்ளை, சொல்லாத பிள்ளைகளின் தலையில் குட்ட வேண்டும். அந்த வகுப்பின் வழக்கம் அது. எனக்குத் தெரியாது.

“போ, ஆளுக்கு ஒண்ணு வை” என்றார்.

நாலு பேரைக் குட்டினேன். குஷியாகத்தான் இருந்தது. அண்ணன்முன் வந்ததும் கையை இறக்கிக்கொண்டேன்.

“சார், இது எங்கண்ணன்.”

“இருந்தா என்ன? பொடிசு சொல்லுது, அண்ணன் மாடாட்டம் நிக்கறான். ம், சத்தம் எனக்குக் கேக்கணும்.”

வகுப்பே சிரித்தது. அந்த ஆளை வாத்தியார் என்று எழுதக் கை கூசுகிறது.

அண்ணன் தலை எனக்கு எட்டவில்லை. அண்ணனே குனிந்தான். “அடிச்சிட்டுப் போ, ஒண்ணியும் இல்ல” என்றான் மெதுவாக. அடித்தேன். சத்தம் கேட்டது. “பலே” என்றார் வாத்தியார். அந்த ஒரு சொல்லில் என் சங்கடமெல்லாம் போய்விட்டது. இன்றுவரை என்னால் நம்ப முடியாதது அதுதான்.

சாயங்காலம் அண்ணன், “நான் இனிமே ஸ்கூலுக்குப் போமாட்டேன்” என்றான். ஏன் என்று கேட்டு அப்பா அடித்தார். அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. விடிந்ததும் விறகுத்தொட்டியில் கட்டை அடுக்கும் வேலைக்குப் போய்விட்டான்.

அன்று வாத்தியார் அவன் இடத்தை எனக்குக் கொடுத்தார். ஜன்னல் ஓரம், நல்ல காற்று. அண்ணனுக்குப் படிப்பு பிடிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்தேன்.