ஜெராய் மலைக்கு ஒரு தோல்பெட்டி

என் அப்பா ரப்பர் தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. தோட்டத்தில் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அது முதலில் அவர் கைக்குத்தான் வரும். அடையாளக் கார்டு சம்பந்தமாக வந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது, லைசென்ஸ் புதுப்பிக்கச் சொல்லி வந்தது, எல்லாவற்றையும் ஆபீஸ் வாசலில் நின்றபடியே படித்து, தமிழில் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புவார். கடிதங்கள் ஆங்கிலத்தில் வந்த வரைக்கும் அவரை அசைக்க ஆளில்லை. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவர். பிறகு கடிதங்கள் மலாய்க்கு மாறின. அப்பாவின் மலாய், பசாரில் மீன் வாங்கவும் லோரிக்காரரிடம் சண்டை போடவும் போதுமான மலாய். ஆனாலும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சின்ன அகராதி ஒன்றை வாங்கி மேசை டிராயரில் போட்டுக்கொண்டு, வழக்கம்போலப் படித்துக்கொண்டிருந்தார். பாதி அகராதி, மீதி அனுமானம்.

நான் மலாயில் படித்து வந்த முதல் கூட்டத்தில் ஒருத்தி. எண்பதுகளின் தொடக்கத்தில் சுங்கைப் பட்டாணியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தின வகுப்பான ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தோட்டம் செமிலிங் பக்கத்தில் இருந்தது. பின்வாசலில் நின்றால் ஜெராய் மலை முழுசாகத் தெரியும். துணி காயுமா காயாதா என்பதை அம்மா அந்த மலையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். தலையில் மேகம் உட்கார்ந்திருந்தால் துணி உள்ளே வந்துவிடும். எனக்கோ அதில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஐந்தாறு வருட ஆசை. ஆசை என்று நாகரிகமாகச் சொல்கிறேன். பித்து என்பதுதான் சரி.

அந்த வருடம் எங்கள் வரலாற்றுக் கழகம் மூன்று நாள் பயணம் ஒன்றை அறிவித்தது. மெர்போக் பக்கமிருந்து புறப்பட்டு, ஆற்றோரமாகக் கிடக்கும் பழைய கோயில் அடித்தளங்களைப் பார்த்துவிட்டு, காட்டு வழியாக ஏறி, இரண்டு இரவு கூடாரத்தில் தங்கி, உச்சியில் இருக்கும் கல் அடித்தளத்தையும் பார்த்து இறங்க வேண்டும். ஆசிரியை அறிவித்து முடிப்பதற்குள் நான் கையைத் தூக்கிவிட்டேன். பிறகுதான் அப்பாவின் ஞாபகம் வந்தது. அண்ணன் சாரணர் முகாமுக்குக் கேட்டபோதே, “காட்டுல போய்ப் படுக்கறதுக்கு நீ என்ன பன்னியா?” என்று ஒரே வரியில் முடித்துவைத்தவர் அவர். மகளை விடுவாரா?

பெற்றோரின் சம்மதம் கேட்டு வந்த கடிதம் மலாயில் இருந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன். நடுவில் ஒரு வரி: அனுபவமுள்ள ஒரு பெமாண்டு பயணம் முழுக்க மாணவர்களுடன் வருவார். வழிகாட்டி என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். ஆனால் பெமாண்டு என்றால் டிரைவர் என்றும் அர்த்தம் உண்டு. தோட்டத்து லோரிக்காரர்களின் லைசென்ஸ் பாரங்களை வருடக்கணக்கில் நிரப்பிக் கொடுத்த அப்பாவுக்கு அந்த ஒரு அர்த்தம்தான் தெரியும். அகராதியை எடுக்கவே இல்லை.

“பரவால்லையே, டிரைவரெல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்காங்க,” என்றார். “குருண் பக்கத்துலேர்ந்து மேல போக ரோடு இருக்கு. ஜீப்பு ஏறும். தங்க மேல ரெஸ்ட் ஹவுஸும் இருக்கு. மூணு நாளும் டிரைவர் கூடவே இருப்பானாம்.”

“மலையில ஏறணும்னு போட்டிருக்காமே?” என்று அடுப்படியிலிருந்து அம்மா கேட்டார்.

“ஜீப்பு ஏறாதா? மாடிப்படியா அது?”

அப்பா அடியிலிருந்த சம்மதச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கிழித்துக் கொடுத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. திருத்தினால் பயணம் போச்சு. அதோடு, தோட்டத்துக்கே கடிதம் படித்துச் சொல்கிறவரிடம் நீங்கள் தப்பாகப் படிக்கிறீர்கள் என்று மகள் எப்படிச் சொல்வது? இந்த இரண்டாவது காரணத்தை அன்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன். அது வெறும் சாக்கு. முதல் காரணம்தான் உண்மை.

அம்மாவுக்கு வேறொரு பிரச்சினை இருந்தது. பாழடைந்த பழங்கோயில்களை மலாயில் சண்டி என்பார்கள். கத்தோலிக்கப் பெண்பிள்ளை சண்டியைப் பார்க்கப் போவதாவது என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். சர்ச் சாமியாரிடம் கேட்டிருப்பார் போல. வெறும் கல்தான், பார்த்தால் பாவமில்லை என்று பதில் வந்ததும் சமாதானமாகி, “சண்டியப் பார்க்க சண்டி போகுது,” என்று என் பிடிவாதத்துக்கும் சேர்த்து ஒரு குத்து விட்டு, கழுத்தில் ஜெபமாலையை மாட்டிவிட்டார்.

அதன் பிறகு வீட்டில் இரண்டு விதமான தயாரிப்பு நடந்தது. ஒன்று அப்பாவுடையது. கல்யாணத்துக்கு வாங்கிய பழுப்புத் தோல்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து வெயிலில் வைத்தார். வளைவுகளில் வாந்தி வருமென்று உப்புப் பிளம் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். மடியில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன மெத்தை. “பின் சீட்ல உக்காராத. ஜன்னல் ஓரமா உக்காரு. தலைய வெளிய நீட்டாத,” என்று காலையிலும் மாலையிலும் பாடம். டிரைவருக்குக் கொடுக்க ஒரு டின் சிகரெட் வேறு. கொடுத்தால் மெதுவாக ஓட்டுவாராம். ஆபீசில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மகள் சரித்திர ஆராய்ச்சிக்கு ஜீப்பில் ஜெராய் உச்சிக்குப் போகிறாள் என்று பெருமை பிடிபடவில்லை.

இன்னொன்று என்னுடைய திருட்டுத் தயாரிப்பு. பக்கத்து லயத்து வீட்டில் இருந்த, ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அக்காவிடம் அவருடைய கறுப்பு ரப்பர் சப்பாத்தை இரவல் கேட்டேன். அடியில் முள் முள்ளாக இருக்கும், சேற்றில் வழுக்காது. “கிராணி ஐயா மகளுக்கு எதுக்குத்தா இது?” என்று அவர் சிரித்தார். அட்டை ஏறாமலிருக்கக் காலுறையில் புகையிலைத் தண்ணீரை ஊற்றிக் காயவைக்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். காலையில் பாடம் படிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, புத்தகப் பையில் அரிசியை நிரப்பிக்கொண்டு, ரப்பர் நிரைகளுக்கு நடுவே மேட்டில் ஏறி இறங்கினேன். முதல் வாரம் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. வீட்டில் நொண்டாமல் நடப்பது மலையேறுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. இப்போது நினைத்தாலும் அந்தக் காலை நேரங்கள் இனிக்கின்றன. வெட்டிய மரங்களில் பால் சொட்ட ஆரம்பித்திருக்கும், ஈர இலை வாசம், தூரத்தில் மலை. ஆனால் வீட்டுக்குத் திரும்பி அந்தத் தோல்பெட்டியைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றே மூன்று வாரம் போனது.

புறப்படுவதற்கு முந்தின சனிக்கிழமை, மூட்டைகளைச் சோதித்துப் பார்க்கப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். பெற்றோரும் வரலாம். அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிட்டார். மோட்டார் சைக்கிளில் அவருக்குப் பின்னால் நான், எங்கள் இருவருக்கும் நடுவில் தோல்பெட்டி.

பள்ளித் திடலில் எல்லோரும் முதுகுப் பையோடு நின்றார்கள். அப்பா ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, “பாவம், இவங்க வீட்டுலெல்லாம் பெட்டி இல்ல போல,” என்று என் காதில் சொன்னார். பிறகு ஆசிரியையிடம் பெமாண்டு யாரென்று கேட்டார். அவர் மர நிழலில் நின்ற ஒருவரைக் காட்டினார். மெர்போக் பக்கத்து மலாய்க் கம்பத்துக்காரர், கிராமத்து ஆள். ஐம்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, இடுப்பில் பாராங் கத்தி. டிரைவருக்கு எதற்குக் கத்தி என்று அப்பா யோசித்ததாகத் தெரியவில்லை. நேராகப் போய்க் கைகொடுத்தார், சிகரெட் டின்னை நீட்டினார்.

“பாவா பெலான் பெலான், யா,” என்றார் அப்பா. மெதுவாக ஓட்டுங்கள் என்றுதான் அவர் சொன்னார். மலாயில் பாவா என்றால் ஓட்டுவதும்தான், ஆளைக் கூட்டிப்போவதும்தான்.

அந்த மனிதர் சிரித்தார். கவலை வேண்டாம் ஐயா, இருபது வருடமாக ஆட்களை மேலே பாவா செய்கிறேன், ஒருத்தருக்கும் ஒன்றும் ஆனதில்லை என்றார். அப்பாவுக்குப் பரம திருப்தி. இருபது வருட சர்வீஸ் என்று என் பக்கம் திரும்பிக் கண் காட்டினார். அப்படியே விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் அப்பாவுக்கு வண்டியின் டயரைப் பார்க்காமல் மனம் ஆறாது.

“கெரேத்தா மானா?” வண்டி எங்கே என்று கேட்டார்.

“கெரேத்தா?” அவர் புரியாமல் எங்கள் தோல்பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தன் தொடையைத் தட்டிக் காட்டினார். “காக்கி லா, என்சிக். ஜாலான் காக்கி.”

கால், ஐயா, கால்நடையாகத்தான் என்று. சுற்றி நின்ற பெற்றோர் சிரித்துவிட்டார்கள். ஆசிரியையும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். அப்பா அவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து, “தாவு, தாவு. சாயா மாயின் மாயின் சாஜா,” என்றார். தெரியும், சும்மா விளையாட்டுக்குக் கேட்டேன் என்று. அந்தச் சிரிப்பு இன்னமும் என் காதில் இருக்கிறது. அப்பா அப்படிச் சிரிக்கிறவர் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பெட்டியைக் கூடத்தில் வைத்தார். உள்ளே போய்ப் பள்ளிக் கடிதத்தை எடுத்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்ப்பா.”

“எப்போலேர்ந்து?”

“நீங்க படிச்ச அன்னைக்கே.”

பயணம் முடிந்தது என்று நினைத்தேன். கிழித்துப் போடுவார், இல்லை அறைவார். கடிதத்தை என்னிடம் நீட்டினார். “மேலேர்ந்து படி. ஒரு வரி விடாம. தமிழ்ல சொல்லு.”

நின்றபடியே படித்தேன். தேதி, வணக்கம், பயணத்தின் நோக்கம். பெமாண்டு வந்த இடத்தில் வழிகாட்டி என்றேன். அப்பா தலையை அசைத்தார். அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றார். கடைசிக்கு முந்தின வரிக்கு வந்தேன். காட்டைக் கடந்து செல்லும்போதும் ஆற்றில் இறங்கும்போதும் நேரும் விபத்துக்குப் பள்ளி பொறுப்பேற்காது. இதை மட்டும் விட்டுவிடலாமா என்று தோன்றியது. விடவில்லை, படித்தேன்.

“அந்த வரிய நான் அன்னைக்கே பார்த்தேன்,” என்றார் அப்பா. குரலில் கோபமே இல்லை. “காடு, ஆறுன்னு போட்டிருக்கான், அது எனக்கும் தெரியும் லா. ஜீப்புல போறதுக்கு எதுக்கு இப்படி எழுதறான்னு சந்தேகமாத்தான் இருந்துச்சு. அப்பதான் உன்ன நிமுந்து பார்த்தேன். மலாய் படிச்ச பிள்ள பக்கத்துல நிக்குது, நான் தப்பா படிச்சா அது சொல்லும்னு நெனச்சேன். அப்புறந்தான் கையெழுத்து போட்டேன்.”

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

“கையெழுத்து போட்டாச்சு. இனி மாத்த மாட்டேன். போயிட்டு வா. நல்ல சப்பாத்தா போட்டுக்க.”

போனேன். மூன்று நாளும் ஏறினேன், இறங்கினேன், காலில் ஒரு கொப்புளம்கூட இல்லை. ஆற்றோரத்துக் கற்களையும் உச்சியிலிருந்த கற்களையும் தொட்டுப் பார்த்தேன். யாராவது கேட்டால் அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவேன். ஆனால் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற அந்த முதல் நாளைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.