கன்ட்ரோல்-எஃப் அழுத்தினால் சிங்கப்பூர் வரும்

ஃபைல் தேடிச் சலித்துப்போய், நேற்று என் லேப்டாப்பின் டெர்மினலில், அதாவது கமாண்ட் அடிக்கும் கறுப்புத் திரையில், ஒரு ஷார்ட்கட் செய்து வைத்தேன். கன்ட்ரோல்-எஃப் அழுத்தி, பெயரில் நினைவிருக்கிற இரண்டு மூன்று எழுத்தை அடித்தால் போதும். ஒத்துவரும் ஃபைலெல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இன்று பினாங்கு ஆபீஸில் மீட்டிங். பெரிய திரையில் என் டெர்மினல்.

"டெஸ்ட் ரிசல்ட் எங்க தம்பி?" என்றார் டீம் லீடர் குமரன் அண்ணன்.

பந்தாவாக கன்ட்ரோல்-எஃப் அழுத்தி, ரிசல்ட்டின் முதல் மூன்று ஆங்கில எழுத்தை, ஆர்-இ-எஸ் என்று அடித்தேன்.

முதலில் வந்து நின்றது 'ரெஸ்யூமே-சிங்கப்பூர்'.

எல்லாரும் திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார்கள்.

"பழசு அண்ணே," என்றேன்.

"ம்ம். ஷார்ட்கட் நல்லா இருக்கு லா. எனக்கும் போட்டுக் குடு."

மதியம் அவர் லேப்டாப்பில் போட்டேன். சோதித்துப் பார்க்கும்போது, பழக்கத்தில் கை அதே மூன்று எழுத்தை அடித்துவிட்டது.

ரெஸ்யூமே-ஃபைனல்.
ரெஸ்யூமே-ஃபைனல்-2.
ரெஸ்யூமே-சிங்கப்பூர்-ஃபைனல்.

அண்ணன் லேப்டாப்பை மெதுவாக மூடினார். "வா தம்பி, தே தாரேக் குடிக்கலாம். இன்னிக்கு நான் பெலாஞ்சா, காசு நான் குடுக்கிறேன்."

டீயைக் குடித்தோம். எந்தக் கம்பெனி என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

சிங்கப்பூர் நண்பர்களே, பினாங்கிலிருந்து ஒரே வேலைக்கு இரண்டு விண்ணப்பம் வந்திருந்தால், ஷார்ட்கட் கண்டுபிடித்தவனுடையதை மேலே வையுங்கள்.