பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிறவர்

பிஸ்கெட் பாக்கெட் கைக்கு வந்ததும் அக்கா அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டார். முன்பக்கத்தில் கோதுமைக் கதிர், பால் குவளை, கன்னம் உப்பிய குழந்தை என்று ஒரு திருவிழாவே நடந்துகொண்டிருந்தது. அதை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் சின்னப் பூதக்கண்ணாடியைப் பின்பக்கத்து மூலையில் வைத்து, அதன்மேல் வலது கண்ணைப் பொருத்தி, கடையின் நடுவழியில் குனிந்து நின்றார். தள்ளுவண்டியோடு பின்னால் வந்த இரண்டு பேர் கனைத்துப் பார்த்துவிட்டு, வேறு வரிசை வழியாகப் போனார்கள்.

“அக்கா, வாங்க வந்தீங்களா, படிக்க வந்தீங்களா?” என்று கல்லாவிலிருந்து குரல் கொடுத்தார் கடைக்காரர்.

“படிச்சாத்தான வாங்குறதா வேண்டாமான்னு தெரியும். நீங்க இதப் படிச்சிருக்கீங்களா?”

“விக்கிறவன் படிச்சா வியாபாரம் ஓடுமாக்கா?”

“அதான பாத்தேன்” என்று அக்கா பாக்கெட்டை அடுக்கிலேயே வைத்தார். அரை மணி நேரத்தில் இப்படி எட்டுச் சாமான்கள் கவிழ்ந்து, விசாரணை முடிந்து, இருந்த இடத்துக்கே திரும்பின. பையில் விழுந்தவை கேரட், முட்டைகோஸ், நாலு ஆப்பிள். வாழைப்பழச் சீப்பின் பக்கம் போனவர், சண்டைபோட்ட சொந்தக்காரரைக் கல்யாண வீட்டில் பார்த்ததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

கடையில் வேலை செய்கிறவர்கள் அவருக்குப் ‘பூதக்கண்ணாடி அக்கா’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். அது அவர் காதுக்கும் போயிருக்கிறது. “பேரு நல்லாத்தான் இருக்கு. ஆனா முதுகுக்குப் பின்னால ஏன் சொல்றாங்க? அதுதான் எனக்குச் சந்தேகம்” என்பார்.

சந்தேகம் அவருக்குத் தொழிலோடு வந்தது. சாப்பாட்டுச் சாமான்களின் அட்டைப்பெட்டியும் உறையும் அச்சடிக்கிற அச்சகம் ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகப் ப்ரூஃப் பார்க்கிறார். இயந்திரக் கூடத்தை ஒட்டிக் கண்ணாடித் தடுப்புப் போட்ட ஒரு சிறு அறை அவருடையது. ஒரு மேஜை, இரும்பு ஸ்கேல், சிவப்புப் பேனா, எந்தக் காலத்திலும் போகாத மை வாசனை. கம்பெனிக்காரர்கள் அனுப்புகிற வாசகத்தை டிசைனர் அழகுபடுத்தித் தருவார். அச்சுக்குப் போவதற்கு முன் அதை மேய்கிற கடைசிக் கண் அக்காவினுடையது. அவர் மூலையில் கையெழுத்துப் போட்டால் லட்சக்கணக்கில் உறை ஓட ஆரம்பித்துவிடும்.

அவர் படிக்கிற முறையே தனி. கடைசிச் சொல்லில் ஆரம்பித்து, ஸ்கேலை ஒவ்வொரு வரியாக மேலே நகர்த்தி, முதல் சொல்லில் வந்து முடிப்பார். “முன்னாலேர்ந்து படிச்சா அர்த்தம் புரிய ஆரம்பிச்சிடும். அர்த்தம் புரிஞ்சா கண்ணு தாவிடும். கண்ணு தாவினா தப்பு தப்பிச்சிடும்” என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். அர்த்தத்தை அண்டவிடாமல் படிக்கிற இந்த வித்தையில் அவரை அடித்துக்கொள்ள அந்த அச்சகத்தில் ஆள் கிடையாது.

இருந்தாலும் அதே உறை வருஷத்துக்கு இரண்டு தடவை திருத்தத்தோடு வரும்போது சில சங்கதிகள் கண்ணில் படாமல் போகுமா? போன தடவை வெண்ணெய் என்றிருந்த இடத்தில் இந்தத் தடவை பாமாயில். முன்பக்கத்துக் கோதுமைக் கதிர் வருஷா வருஷம் பெரிதாகிக்கொண்டு வரும். பின்பக்கத்துக் கோதுமையின் சதவீதம் அதே வேகத்தில் இறங்கிக்கொண்டு வரும். எது எடையில் அதிகமோ அதைப் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது விதி. சர்க்கரை முதலில் வந்தால் பார்க்க நன்றாக இருக்காது அல்லவா? அதனால் சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், மால்ட்டோஸ் என்று மூன்றாகப் பிரித்து மூன்று இடத்தில் உட்காரவைத்துவிடுவார்கள். “ஒரே குடும்பத்து ஆளுங்க, தெரியாதவங்க மாதிரித் தள்ளித் தள்ளி உக்காந்திருக்காங்க” என்பார் அக்கா.

எண்களைக் கண்டால் அவருக்கு இன்னும் ஆகாது. நிறத்துக்கு ஒரு எண், கெடாமல் இருக்க ஒரு எண், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டிக்கிடக்க ஒரு எண். “பேரச் சொல்லாம நம்பரச் சொல்ற ஆளு ஜெயில்லதான இருப்பான்? அவன் பிஸ்கெட்டுக்குள்ள என்ன பண்றான்?” இதனால் அச்சகத்தில் யாரும் அக்காவின் எதிரே நிம்மதியாக நொறுக்குத்தீனி தின்ன முடியாது. பிறந்தநாள் என்று யாராவது கேக் வாங்கி வந்தால், எல்லோரும் துண்டுக்குக் கை நீட்டுவார்கள், இவர் காலி டப்பாவுக்குக் கை நீட்டுவார்.

அவருக்கு வாய்த்த கணவர் நேர் எதிர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவர் உட்காருகிற இடது பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் எதன்மேல் மோதப் போனாலும் அதை மிதித்துவிட்டு, “பரவால்ல, அந்த மரம் நாளைக்கும் அங்கதான் இருக்கும்” என்று சிரிக்கிற மனிதர். அந்த பிரேக்குக்குப் பக்கத்தில், சீட்டுக்கு அடியில், எப்போதும் ஒரு சிப்ஸ் பாக்கெட் இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குக் காலில் வீக்கம் வந்தது. சிறுநீரகம் பாதிக்குமேல் சோர்ந்துவிட்டது, உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டில் பெரிய சோதனை நடந்தது. சிப்ஸ் போயிற்று, சாஸ் போயிற்று, சூப் பொடி, நூடுல்ஸ், டப்பாவில் அடைத்த பட்டாணி எல்லாம் போயிற்று. மறுநாளிலிருந்து முழுசாக விளைந்தது மட்டும்தான் வீட்டுக்குள் நுழைந்தது. சுட்ட உருளைக்கிழங்கு, தக்காளி, கீரை, ஆரஞ்சு, வேளைக்கு ஒன்றாக வாழைப்பழம். “கடவுளே பாக்கெட் பண்ணது. இதுல எவன் என்ன கலக்க முடியும்?” என்று தோலை உரித்து அவரே கையில் கொடுப்பார்.

அந்தச் சமையலறையில் மிஞ்சிய பாக்கெட் ஒன்றே ஒன்று. ‘சோடியம் குறைவு’ என்று முன்பக்கத்தில் பச்சை எழுத்துப் போட்ட உப்பு. கடையில் அதைக் கண்டதும் அக்காவுக்கு மனசு குளிர்ந்து போயிற்று. உப்பில் உப்பைத் தவிர என்ன இருந்துவிடப்போகிறது? கவிழ்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. ருசி கொஞ்சம் மட்டாக இருக்கிறது என்று கணவர் முனகியதால், கை தாராளமாகவே போட்டார்.

ஆறாவது வாரம், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே கணவருக்குக் கால் துவண்டுவிட்டது. எதிரே லாரி வருகிறது, பிரேக்கை மிதிக்கப் பார்க்கிறார், கால் எழும்பவில்லை. கற்றுக்கொள்ள வந்த பெண்ணே பயத்தில் பிரேக்கை அழுத்தியதால் இரண்டு பேரும் பிழைத்தார்கள். நேரே ஆஸ்பத்திரி. நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தால் துடிப்பு தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது.

“ரத்தத்துல பொட்டாசியம் எக்கச்சக்கமா ஏறியிருக்கும்மா. என்ன சாப்பிட்டாரு?” என்றார் டாக்டர்.

“பாக்கெட் அயிட்டம் எதையும் நான் உள்ளயே விடல டாக்டர். எல்லாம் சுத்தமான காய், பழம்.”

“உப்பு?”

“அதுகூட சோடியம் குறைச்ச உப்புதான்” என்றார் அக்கா, பாராட்டை எதிர்பார்க்கிற குரலில்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “சோடியத்தக் குறைச்சுட்டு அந்த எடத்துல என்ன போட்டிருக்காங்கன்னு பாத்தீங்களா? பொட்டாசியம். மத்தவங்களுக்கு அது நல்லதுதான். இவரு கிட்னியால அத வெளிய தள்ள முடியாது. போதாததுக்கு வாழைப்பழம், உருளை, ஆரஞ்சு. அதுலயும் அதேதான்.”

“வாழைப்பழத்துலயுமா?” என்றார் அக்கா.

வீட்டுக்கு ஓடி உப்புப் பாக்கெட்டை எடுத்துக் கவிழ்த்தார். கடைசி வரி, ஒட்டு மடிப்புக்கு மேலே, எறும்பு ஊர்ந்த மாதிரி: ‘சிறுநீரக நோயாளிகள் மருத்துவரின் ஆலோசனையின்றிப் பயன்படுத்தக் கூடாது.’ அதற்கும் கீழே, மடிப்புக்குள் பாதி ஒளிந்து, அச்சகத்தின் குறியீட்டு எண். அது அக்காவின் அச்சக எண்.

மறுநாள் அச்சகத்தில் அந்த உறையின் பழைய கோப்பைத் தேடி எடுத்தார். இருந்தது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அவர் போட்ட சிவப்பு டிக், கடைசி வரிக்கும் ஒரு டிக், மூலையில் கையெழுத்து. ‘கூடாது’ என்பதில் ஆரம்பித்து ‘சிறுநீரக’ வரைக்கும் பின்னாலிருந்து முன்னால், ஒரு எழுத்து விடாமல் அவரே பார்த்துப் பார்த்து அனுப்பிய வரி. கோப்பை மூடிவிட்டு, இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், அக்கா அழுதார்.

ஐந்தாம் நாள் கண் தெளிந்து கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர், “அப்ப கேசுல சாட்சியும் நீதான், குத்தவாளியும் நீதான்னு சொல்லு” என்று சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சிரித்ததும் பிடிக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆஸ்பத்திரியின் உணவு ஆலோசகர் ஒரு பெண். எந்தக் காயில் என்ன இருக்கிறது என்று பொறுமையாக எழுதிக் கொடுத்தார். உருளையைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கேரட், கோஸ், ஆப்பிள் அளவோடு. பாக்கெட்டில் பாஸ்பேட் என்று எந்த உருவத்தில் வந்தாலும் வேண்டாம். பேச்சோடு பேச்சாக, “முந்நூறாம் நம்பர் வெறும் வைட்டமின் சி-தாம்மா, அதுக்கெல்லாம் பயப்படாதீங்க” என்றார். அக்கா தலையாட்டிவிட்டு வந்து, அந்தப் பெண் சொன்னது சரிதானா என்று வேறு இரண்டு பேரிடம் விசாரித்தார்.

கணவர் தேறி, மறுபடியும் இடது பக்கம் உட்கார்ந்து மரங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். அக்காவின் சந்தேகம் மட்டும் தேறவில்லை. முன்னால் கம்பெனிக்காரர்கள் மேல் இருந்தது, இப்போது தன் கண்மேல் விழுந்துவிட்டது. ஒவ்வொரு ப்ரூஃபையும் இரண்டு தடவை படிக்கிறார்: பழக்கப்படி பின்னாலிருந்து ஒரு தடவை, பள்ளிக்கூடப் பிள்ளைபோல உதட்டை அசைத்து முன்னாலிருந்து ஒரு தடவை. வேலை பாதி வேகத்தில் நகர்கிறது. “மேடம், மெஷின் சும்மா நிக்குது” என்று மேனேஜர் தடுப்புக்கு வெளியே நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார்.

போன மாதம் அந்த உப்பு உறை மறு அச்சுக்கு வந்தது. ‘மாற்றம் ஏதும் இல்லை’ என்று மேலே குறிப்பு. அக்கா கடைசி வரியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் போட்டு, ‘பெரிய எழுத்தில் முன்பக்கம் கொண்டுவரவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் அனுப்பினார்.

மேனேஜர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தாளோடு வந்தார். “இதுல பிழை எதுவும் இல்லையே மேடம்?”

“இல்ல சார்.”

“நம்ம வேலை பிழை பாக்குறதுதான?”

“ஆமா சார். அதான் வட்டம் போட்டிருக்கேன்.”

வேறு வழியில்லாமல் அவர் கம்பெனிக்கு அனுப்பினார். சட்டம் சொல்கிற அளவில்தான் எழுத்து இருக்கிறது என்று பதில் வந்தது. அக்கா மறுபடியும் வட்டம் போட்டார். மூன்றாவது தடவை புதுத் தாள் வந்தபோது மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. “இந்த ஆர்டர் வேற பிரஸ்ஸுக்குப் போச்சுன்னா என் தலைதான் உருளும். பாருங்க, உங்களுக்காக ஒரு சுத்து பெருசு பண்ணியிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா நான் வேற ஆளப் போட்டு வாங்கிக்கிறேன், நீங்க நாளைலேருந்து பேக்கிங்குக்குப் போயிடுங்க.”

அக்கா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். வரி இருந்த இடத்திலேயேதான் இருந்தது. ஆனால் உண்மையிலேயே ஒரு மயிரிழை பெரிதாகியிருந்தது. எழுத்துகள் சுத்தமாக, பிசிறில்லாமல் தெரிந்தன. கூடத்தில் இயந்திரக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“தெரியுதா?” என்றார் மேனேஜர்.

“இதுல தெரியுது சார்” என்று அக்கா பூதக்கண்ணாடியைத் தூக்கிக் காட்டினார்.

“அப்பறம் என்ன?” என்று தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார்.

அக்கா பேனாவை வாங்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து மேனேஜரின் எதிரே நின்றார். இருபத்திரண்டு வருஷமாக சார் என்று மட்டுமே கூப்பிட்ட அந்த மனிதரின் மூக்கிலிருந்து கண்ணாடியை இரண்டு கையாலும் மெதுவாகக் கழற்றி மடித்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கடையில் பாக்கெட் பிடிக்கிற தூரத்தில் தாளை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.