சுவரைத் தாண்டாத வெடி

கனடாவின் ஸ்காபரோ குளிர் சென்னைக்காரனின் விரல்களைச் சும்மா விடுவதில்லை. கையுறை வாங்க, வேட்டைச் சாமான் விற்கும் கடைக்குள் நுழைகிறேன். எனக்கு முன்னால் அறுபது வயது இலங்கைத் தமிழர் ஒருவர், கவுண்டரில் நிற்கும் பெண்ணிடம் கைபேசியில் அமெரிக்க வீடியோ ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கிறார். ஈயக் குண்டுகளைச் சிதறவிடும் தோட்டாவைப் போட்டுச் சுடுகிற ரிவால்வர் அதில் வருகிறது. பக்கத்து வீட்டில் திருடர்கள் புகுந்ததிலிருந்து இவர் வீட்டில் தூக்கமே இல்லையாம்.

“பிள்ளை, சுவருக்கு அங்கால போகாத வெடி எது? அடுத்த அறையில மகள் படுக்கிறவள்.”

அவளும் தமிழ்ப் பெண்தான்; பொறுமையாகச் சொல்கிறாள். “சின்னக் குண்டு கள்ளனை நிப்பாட்டாது, அங்கிள். பெரிய குண்டு சுவரைத் துளைச்சிடும். அதோட, இஞ்ச ரிவால்வர் இப்ப புதுசா வாங்கேலாது. பாதுகாப்புக்கு எண்டு கேட்டால் லைசென்சும் தரமாட்டாங்கள்.”

முகம் வாடிவிடும் என்று பார்க்கிறேன். அவரோ நீளமாக மூச்சு விடுகிறார். உடனே வீட்டில் இருக்கும் மனைவியை அழைத்து, கைபேசியைக் கடைப் பெண்ணிடம் நீட்டுகிறார்.

“உதை நீங்களே மனிசிக்குச் சொல்லுங்கோ, வாங்கச் சொன்னது அவள்தான். நான் துவக்குச் சூட்டுக்குப் பயந்துதான் ஊரை விட்டு வந்தனான். நான் சொன்னால், பயத்தில சாட்டுச் சொல்லுறன் எண்டுவாள்.”