அப்பாவாக நான் பேசிய ஞாயிறு

எங்கள் மாமா எதையும் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் செய்வார். பெண் பார்க்கப் போவதற்கு முன்னால்கூட ஹாலில் நடந்து பார்த்துக்கொண்டவர். அப்படிப்பட்டவரிடம் போய் அம்மாவின் வக்கீலம்மா, "அங்க கோபப்படாம பேசணும், உங்க அக்காவை வீட்டிலயே பேசிப் பழகச் சொல்லுங்க" என்றால் சும்மா இருப்பாரா?

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. அம்மாவும் நானும் மைசூர் விஜயநகரில் மாமா வீட்டில் இருந்தோம். அப்பா ஹனூரில், தன் மஞ்சள் காட்டோடு. இருவரும் இனிச் சேர்ந்து வாழப்போவதில்லை என்று முடிவாகிவிட்டது. நான் யாரிடம் இருப்பது, மற்றவரை எப்போது பார்ப்பது என்பதுதான் பாக்கி. அதை நீதிபதி முடிவு செய்யும்படி விடுவதற்கு முன், சமரச மையத்தில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்றிருந்தார் வக்கீலம்மா. திங்கட்கிழமை போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை டிபன் முடிந்ததும் மாமா ஆரம்பித்துவிட்டார்.

ஒத்திகையில் மாமாதான் அப்பா. தோளில் ஒரு துண்டு, முகத்தில் ஒரு முறைப்பு. நாற்காலியில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "என் பொண்ணை என்கிட்ட ஒப்படைச்சிடு. இல்லேன்னா நடக்கறதே வேற" என்று உறுமினார். எதிரே இருந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்தாள். எனக்கோ மாமாமேல் ஆத்திரமாக வந்தது.

"அப்பா இப்படியெல்லாம் பேசமாட்டாரு மாமா" என்றேன்.

"ஹௌதா? அப்படியா? அப்ப நீயே உங்கப்பாவா வந்து உக்காரு" என்று எழுந்து, துண்டை என் தோளில் போட்டார்.

உட்கார்ந்தேன். கால் தரைக்கு எட்டவில்லை. எதையாவது கேட்பதற்கு முன் அப்பா தலையைச் சொறிந்துகொள்வார், அதையும் செய்தேன். பிறகு அவர் பேச்சிலேயே சொன்னேன்: "ஏம்புள்ள, லீவுக்கு மட்டும் அனுப்பறேன்னா பத்தாது. பாப்பாவ நான் வாராவாரம் பாக்கோணும். சனிக்கெழம நானே பஸ்ஸேறி வர்றேன். பாக்காம எனக்குச் சோறே எறங்க மாட்டேங்குது."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிஜமாகவே அப்பாவிடம் பேசுவதைப் போல, "சரி, வாங்க. வாராவாரம் வாங்க. நான் தடுக்க மாட்டேன்" என்றாள். அம்மா என்னிடம் 'வாங்க' என்றதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொரு தடவை பண்ணலாமா என்று கேட்டேன். போதும் என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மாலை திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைக் கூப்பிட்டாள். "உங்கப்பா உன்னை வாராவாரம் பாக்கணும்னு கேட்டாரு. சரின்னுட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு" என்றாள். நான் சொன்னதையே அப்பா கேட்டிருக்கிறார் பாருங்கள் என்று மாமாவை ஒரு வழி பண்ணிவிட்டேன். கூடப் போய் வந்திருந்த மாமா, வழக்கத்துக்கு மாறாக, வாயே திறக்கவில்லை.

அப்பாவும் சனிக்கிழமைகளைத் தவறவிட்டதில்லை. பஸ் ஓடாத நாளில் தக்காளி ஏற்றி வந்த வண்டியிலிருந்துகூட இறங்கியிருக்கிறார்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு ஒருநாள், ஹனூர் பஸ்ஸில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒத்திகைக் கதையைச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நான் எங்க கண்ணு கேட்டேன்? பாப்பா மைசூருலயே படிக்கட்டும், நான் குறுக்க வர்லைன்னு சொல்லிப்போட்டு எந்திரிச்சுட்டேன். கேட்டா மட்டும் குடுத்துருவாங்களான்னு ஒரு பயம். உங்கம்மாதான் உக்கார வெச்சா. நீங்க வாராவாரம் வந்தே ஆவோணும், பாப்பாவுக்குச் சோறு எறங்கலைன்னு சொன்னா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று அப்பாவுக்காகப் பேசியதாகவே அத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன். சோறு இறங்காமல் இருந்தது யாருக்கு என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. மாமாவுக்கும் தெரிந்திருக்கிறது. அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.